மேக்கப் பிரஷ்களை வீட்டிலேயே கழுவிப் பராமரிப்பது எப்படி? செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். கல்யாண வீட்டில் பிரஷ் பெட்டியைத் திறந்து வைத்தால், பெண்ணுக்கு அலங்காரம் முடிவதற்குள் அக்கா தங்கைகளும் அயித்தைமார்களும் சுற்றி நின்று கேட்கும் கேள்விகளில் பல, பிரஷ்களைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரே பதிலைப் பல வீடுகளில் சொல்லி வந்ததால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பிரஷ் கெட்டுப்போவதற்கு அழுக்கைவிடத் தண்ணீரே பெரும்பாலும் காரணமாகிறது என்பதைக் கைக்காசைச் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன்; ஆகவே எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பேச்சு தண்ணீரில் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பிரஷைக் கழுவித்தான் ஆக வேண்டுமா? துணியில் துடைத்து வைத்தால் போதாதா?

துடைப்பதால் நுனியில் ஒட்டியிருக்கும் பவுடர் மட்டுமே போகும். முகத்தில் சுரக்கும் எண்ணெய்ப் பசை, வியர்வை, உதிர்ந்த தோல் செதில்கள், காற்றில் வந்த தூசி ஆகிய எல்லாம் முகத்தின் அடிப்பூச்சான ஃபவுண்டேஷனில் உள்ள எண்ணெயோடு குழைந்து, ஒரு களிம்பாகி முடிகளின் அடிப்பகுதியில் படிகின்றன. அந்தக் களிம்பில் பாக்டீரியாக்கள் தங்குகின்றன. தோலின் மேல் சாதாரணமாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள்கூட, பருவோ சிறு கீறலோ உள்ள முகத்தில் அழுக்குப் பிரஷின் வழியாகத் தேய்க்கப்படும்போது தொற்றாக மாறக்கூடும். இங்கிலாந்திலுள்ள ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் பயன்படுத்தி வந்த மேக்கப் ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை என்றும், 64 சதவீதம் தரையில் விழுந்த பின்னும் எடுத்துப் பயன்படுத்தப்பட்டவை என்றும் கூறுகிறது. கீழே விழுந்ததை ஊதிவிட்டு எடுத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமன்று என்று அறிந்தபோது, வெட்கத்தோடு சேர்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலும் ஏற்பட்டது.

கன்னத்தில் பிரஷ் படுகின்ற தடத்தில் மட்டும் பொரிப்பொரியாகக் கிளம்புகிறது என்றால், கிரீமை மாற்றுவதற்கு முன் பிரஷைக் கழுவிப் பாருங்கள். ஆரோக்கியம் ஒருபுறம் இருக்க, அழுக்குப் பிரஷில் நிறமும் நேராக விழாது. போன வாரத்துச் செம்பழுப்பு இந்த வாரத்து இளஞ்சிவப்போடு கலந்து, கன்னத்தில் திட்டுத் திட்டாக உட்காரும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும்?

அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர்களின் சங்கம் 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை கழுவச் சொல்கிறது. தினமும் மேக்கப் போட்டுக்கொண்டு வேலைக்குச் செல்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ஃபவுண்டேஷன், கன்சீலர் போன்ற ஈரப்பொருள்களுக்குப் பயன்படுத்தும் பிரஷ்களையும், கண்ணோரத்தில் படும் பிரஷ்களையும் இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். வெறும் பவுடர் பிரஷ் சற்றுப் பொறுக்கும்.

நம் பக்கத்தில் பெரும்பாலான பெண்கள் கல்யாணம், காதுகுத்து, சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று விசேஷங்களுக்கு மட்டுமே பிரஷைத் தொடுகிறார்கள். அவர்களிடம் நான் நாள் கணக்குச் சொல்வதில்லை. விசேஷம் முடிந்த மறுநாள் கழுவிக் காயவைத்த பிறகுதான் பெட்டியை மூட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். தையில் போட்டுக்கொண்ட ஃபவுண்டேஷனோடு மூடிய பிரஷை ஆவணியில் திறந்தால், முடிகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, சிக்கு வாடை அடிக்கும். அதன்பின் எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பிரஷ் பழைய பிரஷாகாது.

எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதில் கழுவலாமா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான், ஏனெனில் வெளியூரில் அச்சாகும் குறிப்புகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் அது கடினநீர் ஆகிறது. சோப்புக் கட்டியில் உள்ள கொழுப்பு அமிலங்கள் அந்த உப்புகளோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெண்ணிறப் பிசுக்காகத் திரிகின்றன. வாளியின் விளிம்பில் வளையமாகப் படிவது அந்தப் பிசுக்குதான். அது பிரஷின் முடிகளிலும் படியும். காய்ந்த பிறகு பிரஷ் தென்னை மட்டையைப் போல விறைத்து நிற்கும். பிரஷ் மலிவானது என்று கடைக்காரரைக் குறை சொல்லுவோம், குற்றம் தண்ணீரில் இருக்கும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய ஆய்வகத்திற்குப் போக வேண்டியதில்லை. பருப்பு வேகாத தண்ணீர் என்று வீட்டில் சொன்னால் அதுவே போதுமான சான்று. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல், திரிந்த பாலைப் போல வெள்ளைத் திப்பிகள் மிதந்தால் அது கடினநீர்.

அத்தகைய வீடுகளில் சோப்புக் கட்டியைத் தவிர்த்து ஷாம்பூவைப் பயன்படுத்துங்கள். ஷாம்பூவில் உள்ள செயற்கை நுரைப்பொருள்கள் உப்புகளோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. முதல் அலசலுக்கு உப்புத் தண்ணீரே போதும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் அரைச் சொம்பு எடுத்துக்கொண்டால், காயும்போது வெள்ளைப் படலம் படியாது. ஊருக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றின் தண்ணீரைப் பற்றிக் காரைக்குடிக்காரர்கள் பெருமையாகப் பேசுவது காப்பிக்காக மட்டுமன்று என்று நான் நினைத்துக்கொள்வேன். நல்ல தண்ணீர்க் குழாய் இல்லாத ஊர்களில் வடிகட்டிய குடிநீர் போதும். மழைநீர் இன்னும் சிறந்தது. நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய வளவு வீடுகளில் ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தூசியையும் புறா எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் பிடித்த தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்தலாம். ஊருணித் தண்ணீரும் மென்மையானதுதான் என்றாலும், கண்ணருகில் படும் பிரஷுக்கு அதைக் காய்ச்சாமல் பயன்படுத்தக் கூடாது.

சரி, எப்படிக் கழுவுவது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

கழுவுவதற்கு முன் பிரஷின் உடலமைப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே முடி, கீழே மரக் கைப்பிடி, இரண்டையும் இணைத்து நடுவில் ஓர் உலோகக் குழல். உலக்கையின் முனையில் பூண் பிடித்திருப்பதைப் போல அந்தக் குழல் பிரஷைப் பிடித்திருப்பதால், நான் அதைப் பூண் என்றே சொல்கிறேன். பூணுக்குள் முடிகளின் அடிப்பகுதி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. பூணுக்குள் தண்ணீர் புகுந்தால் பசை நாளடைவில் விட்டுக்கொடுக்கும், மரம் ஊதும், ஊதிய மரம் காய்ந்து சுருங்கும்போது கைப்பிடியின் வார்னிஷ் வெடித்துச் செதில் செதிலாக உரியும்.

தொழிலைத் தொடங்கிய முதல் வருடம், கழுவிய பிரஷ்களை எல்லாம் எவர்சில்வர் டம்ளரில் முடி மேலாக நிறுத்தி, பூங்கொத்து வைத்ததைப் போல அழகாக அடுக்கிக் காயவைப்பேன். முடியிலிருந்த தண்ணீர் முழுவதும் பூணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் திருப்பூட்டுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது பெரிய பவுடர் பிரஷைப் பெண்ணின் நெற்றியில் வைத்து இழுத்தேன். கைப்பிடி என் கையோடு வந்தது. பூணும் முடிக்கற்றையும் கழன்று பெண்ணின் மடியில், கூறைப்புடவையின் மேல், வெள்ளைப் பவுடரைச் சிந்தியபடி விழுந்தன. கைப்பிடியின் முனையைப் பார்த்தால், ஊறவைத்த விறகைப் போல மரம் கறுத்துப் பிளந்திருந்தது. அன்றைக்குப் புடவையைத் துடைத்துக் கொடுத்த அயித்தை ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நினைவில் இருந்திருக்காது.

ஆகவே முறை இது. வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டு, முடி கீழ்நோக்கி இருக்கும்படி பிரஷைச் சாய்த்துப் பிடித்து, முடியின் நுனிப்பக்கப் பாதியை மட்டும் நனைக்க வேண்டும். சுடுதண்ணீர் கூடாது, அது பசையை இளக்கும். சித்திரை, வைகாசி நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவதே கைபொறுக்காத சூட்டில் இருக்கும் என்பதால், அந்த மாதங்களில் காலையிலேயே கழுவி முடித்துவிடுவது நல்லது. பின்பு உள்ளங்கையில் ஒரு துளி ஷாம்பூவை விட்டு, அதில் பிரஷின் நுனியை வட்டமாகச் சுழற்றுங்கள். நுரை முதலில் முகத்தின் நிறத்திலும், பிறகு கலங்கலாகவும், கடைசியில் வெண்மையாகவும் மாறும். விரல்களால் முடியின் அடிப்பகுதியை, பூணுக்குச் சற்று மேலே, மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். களிம்பு தங்குமிடம் அதுதான் என்றாலும், அங்கே அழுத்தித் தேய்த்தால் முடி முறியும். இதற்கென்று மேடுபள்ளங்களோடு சிலிக்கான் தட்டுகள் விற்கிறார்கள். வாங்கினால் வேலை சற்று விரைவாக முடியும், வாங்காவிட்டாலும் உள்ளங்கை அந்த வேலையைச் செய்யும், முடி எங்கே கட்டிதட்டியிருக்கிறது என்றும் கை சொல்லும்.

அலசும்போதும் முடி கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பிழிந்து விடும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். வழுவழுப்பு மீதியிருந்தால் ஷாம்பூ மீதியிருக்கிறது என்று பொருள், அது கண்ணிமையில் பட்டால் எரியும். பிறகு முறுக்காமல், துணிக்குள் வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றியெடுத்து, விரல்களால் முடியை அதன் பழைய வடிவத்துக்குக் கூட்டிவிட வேண்டும். ஒற்றுவதற்கு நன்றாகத் துவைத்துப் பழசான பருத்தித் துணியைப் போல வேறொன்றும் இல்லை. நான் என் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து வைத்திருக்கிறேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலையை இப்படிக் கிழிப்பதா என்று கோபிப்பவர்களுக்கு, அது அதற்கு வெகு முன்பே தொட்டில் துணியாகவும் இருந்து முடிந்ததுதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை இவற்றால் கழுவலாமா?

தலைக்கு ஒத்துக்கொள்வது பிரஷுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் இதைக் கேட்கிறார்கள். சீயக்காய்த் தூளும் அரப்புத் தூளும் எவ்வளவு சலித்தாலும் துகள்களாகவே இருப்பவை. அடர்ந்த பிரஷுக்குள் புகுந்தால் அவை வெளியே வருவதில்லை, காய்ந்த பிறகு பவுடரோடு சேர்ந்து முகத்தில் உரசும். சீயக்காய் கண்ணில் பட்ட எரிச்சலை எண்ணெய்க் குளியலில் அனுபவிக்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஐ ஷேடோ பிரஷில் அந்த ஆபத்து வேண்டாம். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கசக்கி, துணியில் வடிகட்டிய நீர் நன்றாகவே நுரைத்து அழுக்கை எடுக்கும். ஆனால் அதுவும் கண்ணைக் கடுமையாக எரிக்கக்கூடியது என்பதால், உடம்புக்கும் கன்னத்துக்குமான பெரிய பிரஷ்களுக்கு மட்டும், பலமுறை அலசும் பொறுமை உள்ளவர்கள் பயன்படுத்தலாம்.

குழந்தைகளுக்கான ஷாம்பூதான் என் முதல் தேர்வு. எண்ணெய்ப் பசை மிகுந்த செயற்கை முடிப் பிரஷுக்குப் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளி சேர்த்துக்கொள்ளலாம்; விலங்கு முடிக்கு அது வறட்சியைத் தரும். வீட்டுத் தரை துடைக்கும் கிருமிநாசினி, வெண்மையாக்கும் பிளீச்சிங் திரவம் ஆகியவற்றைப் பிரஷின் பக்கமே கொண்டுவர வேண்டாம். கொதிக்கவைப்பதும் வேண்டாம்.

சோப்புப் பட்டதும் வெள்ளைப் பிரஷ் இரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. என்ன ஆயிற்று?

பயப்பட ஒன்றுமில்லை, அது மஞ்சள். நலங்கு வைத்த முகத்தில், காலையில் மஞ்சள் பூசிக் குளித்த முகத்தில் பிரஷைத் தொட்டால், மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் முடியில் ஏறிக்கொள்கிறது. சோப்புக் கட்டி காரத்தன்மை உடையது. காரம் பட்டால் குர்குமின் செந்நிறமாகும். மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது நாம் நாள்தோறும் பார்க்கும் அதே மாற்றம்தான் இது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சள் நிறம் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே இரண்டு துளி தேங்காய் எண்ணெயைத் தடவிச் சற்றுப் பொறுத்து, பின்பு ஷாம்பூவால் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் இருக்கும் சாயல் வெளிச்சத்தில் தானே வெளுக்கும். பிரஷை வெயிலில் போடாதீர்கள் என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன். மஞ்சள் கறைக்காக மட்டும், செயற்கை முடிப் பிரஷாக இருந்தால், காலை இளவெயிலில் சிறிது நேரம் வைக்கலாம்.

வாட்டர்புரூஃப் கண் மையும் ஃபவுண்டேஷனும் ஷாம்பூவுக்கு அசைவதில்லையே?

தண்ணீருக்கு அசையக்கூடாது என்றே அவற்றைச் செய்திருக்கிறார்கள். அவற்றை எண்ணெயால் இளக்க வேண்டும். ஒரு கிண்ணியில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டு, பிரஷின் நுனியை அதில் தொட்டு, துணியில் முன்னும் பின்னுமாக இழுங்கள், கறுப்பாக வரும். துணியில் கறை வருவது குறைந்ததும் ஷாம்பூவால் இருமுறை கழுவுங்கள். எண்ணெய் பூணை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் தண்ணீரைவிட எண்ணெய் மெதுவாகவும் ஆழமாகவும் ஊறும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டும் பிசுக்கு அதிகம் என்பதால் நான் தவிர்க்கிறேன்.

எங்கே, எப்படிக் காயவைப்பது?

முடி, பூணைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் மற்றதெல்லாம் சில்லறை. மேசையின் விளிம்பில் துணி விரித்து, கைப்பிடி மேசைமேலும் முடி வெளியே காற்றிலும் இருக்கும்படி படுக்கவைத்து, கைப்பிடியின் அடியில் மடித்த துணியைக் கொடுத்துச் சற்று உயர்த்திவிடுங்கள். வளவில் பட்டாலை எனும் மேடையின் விளிம்பு இதற்கென்றே கட்டியதைப் போல உதவும்: நிழலும் உண்டு, முற்றத்துக் காற்றும் உண்டு. பனை ஓலைக் கொட்டானைக் கவிழ்த்து அதன்மேல் பிரஷ்களைச் சாய்த்து வைப்பவரையும் பார்த்திருக்கிறேன். ஓலைப் பின்னலின் வழியே காற்று போவதால் நன்றாகவே காய்கிறது. துண்டின் மேல் முழுவதுமாகப் படுக்கவைத்தால், தரையில் பட்ட பக்கம் காயாமல் நசுங்கி, புழுங்கல் வாடை வரும்.

நேர் வெயில் விலங்கு முடியை உலர்த்தி முறியவைக்கும், பூணுக்குள் இருக்கும் பசையையும் பதம் பார்க்கும். ஹேர் டிரையரின் சூடும் அப்படியே. கண்ணுக்கான சிறிய பிரஷ்கள் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். அடர்ந்த வட்டப் பிரஷுக்கு ஓர் இரவு போதாமல் முழுநாள் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது, மின்விசிறியின் கீழ் வைத்து இரண்டு நாள் பொறுப்பது நல்லது. மேலே காய்ந்ததைப் போல இருந்தாலும் முடியின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

ஒரே நாளில் இரண்டு பெண்களுக்கு அலங்காரம். நடுவில் கழுவ நேரமில்லை என்றால்?

கூடுதலாக ஒரு தொகுதி பிரஷ் வைத்துக்கொள்வதே நேர்மையான பதில். அது முடியாதபோது மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, பிரஷை அதில் நிறம் வருவது நிற்கும்வரை துடைத்து, பிறகு முடியின் மேல் ஆல்கஹாலைத் தெளித்துத் தானே உலரவிடலாம். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று எண்ண வேண்டாம். அது உடனே ஆவியாகிவிடும். 70 சதவீதத்தில் உள்ள தண்ணீர், ஆல்கஹால் கிருமியின் மேல் சற்று நேரம் தங்கி அதன் புரதத்தைச் சிதைப்பதற்கு உதவுகிறது. எண்ணெய் அழுக்கு மேலே இருக்கும்போது ஆல்கஹால் உள்ளே எட்டாது என்பதால், இது கழுவுவதற்கு மாற்று ஆகாது. அடிக்கடி செய்தால் விலங்கு முடி வறண்டுவிடும், கைப்பிடியின் வார்னிஷும் மங்கும்.

இன்னொன்று: ஆல்கஹால் தீப்பற்றும். பெண்ணை உட்காரவைக்கும் அறையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருப்பது வழக்கம். தெளிக்கும் வேலையை அந்த அறைக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

புற ஊதா விளக்குப் பெட்டி வாங்கலாமா?

ஒளி படும் இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். அடர்ந்த முடியின் உள்ளே ஒளி போகாது. அந்தப் பணத்துக்கு இரண்டு பிரஷ் வாங்கலாம்.

ஸ்பாஞ்சையும் இப்படியே கழுவலாமா?

ஸ்பாஞ்சுக்குப் பூண் இல்லாததால் தண்ணீர்ப் பயம் இல்லை. முழுதாக நனைத்து, பாத்திரம் துலக்கும் திரவத்தாலோ சோப்பாலோ பிசைந்து கழுவலாம். ஆனால் அது உள்ளெல்லாம் துளைகள் கொண்டது, ஈரத்தோடு பயன்படுத்தப்படுவது. ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் கழுவி, திறந்த இடத்தில் முழுதும் உலர்த்த வேண்டும். ஈர ஸ்பாஞ்சை அது வந்த பிளாஸ்டிக் டப்பாவிலேயே போட்டு மூடினால் உள்ளே கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். அதன்பின் கழுவிப் பயனில்லை. தினமும் பயன்படுத்துகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒன்றாவது மாற்றிவிடுவது நல்லது. மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். ஈரம் போதாத ஸ்பாஞ்சு அதில் தீப்பிடிக்கும்.

பிரஷின் முடி எதிலிருந்து வருகிறது? விரதம் இருக்கும் வீட்டில் பயன்படுத்தலாமா?

“கல்யாணப் பொண்ணு கன்னத்துல ஆட்டு மயிரையா தடவுறீக?” என்று தேவகோட்டையில் ஓர் ஆச்சி என்னை நேருக்கு நேராகவே கேட்டார்கள். அவர்கள் கேட்டது உண்மை. இயற்கை முடிப் பிரஷ்கள் பெரும்பாலும் ஆடு, மட்டக்குதிரை, அணில், மரநாய் இன விலங்குகள் ஆகியவற்றின் முடியால் செய்யப்படுபவை. செயற்கை முடி நைலான் போன்ற இழைகளால் ஆனது. விலங்கு முடியின் மேற்பரப்பு நம் தலைமுடியைப் போலச் செதில்கள் கொண்டிருப்பதால் பவுடரைப் பிடித்துவைத்து மெல்ல விடும். வழவழப்பான செயற்கை இழை ஈரப்பொருள்களை உறிஞ்சாமல் முகத்துக்கே தரும். இப்போது வரும் நல்ல செயற்கை முடிகள் பவுடருக்கும் போதுமானவை, விரைவில் காய்பவை, கழுவுவதைத் தாங்குபவை. ஆச்சியின் கேள்விக்குப் பிறகு என் பெட்டியில் பெரும்பகுதி செயற்கை முடிதான். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கீரிப்பிள்ளை முடியால் செய்த பிரஷ்கள் நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. படம் வரையும் பிரஷ்களில்தான் அவை அதிகம் புழங்கின என்றாலும், எந்த முடி என்று சொல்லாமல் விற்கும் கடையில் கேட்டு வாங்குவதே முறை.

அக்கா தங்கைகளுக்குள் ஒரே பிரஷைப் பயன்படுத்தலாமா?

கல்யாண வீட்டில் ஒரே கண்ணாடியின் முன் ஆறு பேர் நிற்கும்போது, இதைக் கூடாது என்று சொல்வதைவிடக் கடினமான வேலை வேறில்லை. பவுடர் பிரஷைத் துடைத்து ஆல்கஹால் தெளித்துக் கொடுக்கலாம். கண் மைக் குச்சி, மஸ்காரா, ஐலைனர், உதட்டுப் பிரஷ் ஆகியவற்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், யாரிடமும் வாங்கவும் வேண்டாம். மெட்ராஸ் ஐ பரவும் காலங்களில் ஒருத்தியின் கண் மை ஒரு வளவு முழுவதையும் படுக்கவைத்துவிடும். அதற்குப் பெரும்பாலும் காரணமான அடினோ வைரஸ் காய்ந்த பொருள்களின் மேலும் பல நாள் பிழைத்திருக்கும், ஆல்கஹாலுக்கும் எளிதில் மடியாது. கண்நோய் வந்தபோது பயன்படுத்திய மஸ்காராவையும் ஐலைனரையும் கண் பிரஷ்களையும் கணக்குப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். உதட்டில் கொப்புளம் வந்தபோது பயன்படுத்திய உதட்டுப் பிரஷுக்கும் இதே கதிதான்.

கழுவிய பிரஷை எப்படி எடுத்து வைப்பது?

முழுதும் உலர்ந்த பிறகு, துணிப்பையிலோ பிரஷ் உறையிலோ, முடி நசுங்காமல் வைக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த நல்ல பிரஷ் என்று பட்டுப்புடவைகளோடு பெட்டகத்தில் பூட்டிவைக்கும் வீடுகள் உண்டு. விலங்கு முடியும் பட்டைப் போலப் புரதம்தான். பட்டை அரிக்கும் பூச்சி அதையும் அரிக்கும். அதற்காகப் பாச்சா உருண்டையைப் பக்கத்தில் போட்டால் அந்த வாடை முடியில் ஏறி, முகத்தில் வைக்கும்போது மூச்சை அடைக்கும். நன்றாகக் கழுவிய பிரஷைப் பூச்சி அவ்வளவாக நாடாது, ஏனெனில் அதைக் கவர்வதில் முடியைவிட முடியில் ஒட்டியிருக்கும் வியர்வைக்கும் எண்ணெய்க்கும் பங்கு அதிகம். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து உதறி வைத்தால் போதும்.

முடி உதிர்கிறது, தலை ஆடுகிறது. எறிந்துவிட வேண்டியதுதானா?

புதுப் பிரஷில் முதல் இரண்டு மூன்று கழுவலில் சில முடிகள் உதிர்வது இயல்பு. அதன் பிறகும் கொத்தாக வந்தால் உள்ளிருக்கும் பசை போய்விட்டது, அதற்கு வீட்டில் வைத்தியமில்லை. பூண் மட்டும் கைப்பிடியிலிருந்து கழன்றிருந்தால், இரண்டையும் நன்றாக உலர்த்தி, கைப்பிடியின் முனையில் எபாக்ஸிப் பசையை மெல்லத் தடவிச் செருகி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் பல வருடம் உழைக்கும். கழுவிய பின்னும் வாடை போகாதது, முடி விரிந்து துடைப்பத்தைப் போலானது, நுனி குத்துவது ஆகியவை முகத்துக்கு ஆகாது.

கூறைப்புடவையில் விழுந்த அந்தப் பவுடர் பிரஷை நான் ஒட்டி வைத்திருக்கிறேன். முகத்துக்கு எடுப்பதில்லை. எங்கள் வீட்டு முகப்புக் கதவில், கஜலட்சுமியின் காதுமடலுக்குப் பின்னாலும் யானைகளின் துதிக்கை மடிப்பிலும் படியும் தூசியை எடுக்க, அதைவிட மெல்லிய கருவி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.